எஞ்சின் தகட்டில் இருந்த ஊர்

அப்பாவுக்கு இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையாது. ‘ஸ்கெனக்டாடி’ என்பார். பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க அப்படித்தான் சொன்னார். கூட இருந்தவர்களும் அப்படியே சொன்னதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஆல்கோ என்ற கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே இந்த ஊர்ப் பெயர். ஷெட்டில் கிடந்த பழைய மேனுவல்களின் அட்டையிலும் அதே. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேலை மாறி நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குக் குடிவந்தேன். நெடுஞ்சாலைப் பலகையில் ‘ஷெனெக்டடி’ என்று பார்த்ததும் காரில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் வீட்டிலிருந்து அரைமணிகூட ஆகாது.

போன வருஷம் அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நயாகரா பார்த்தாயிற்று, நியூயார்க் நகரம் பார்த்தாயிற்று. “அந்த ஸ்கெனக்டாடி பக்கத்துலதான்னு சொன்னியே?” என்று ஒரு சனிக்கிழமை காலை அப்பா ஆரம்பித்தார். அம்மா வர மறுத்துவிட்டாள். பழைய இரும்பைப் பார்க்க இவ்வளவு தூரம் பறந்து வரணுமா என்பது அவள் கேள்வி. அப்பா குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

ஆல்கோ தொழிற்சாலை இருந்த இடத்தில், மோஹாக் ஆற்றங்கரையில், இப்போது ஒரு கேசினோ இருக்கிறது. 2017 பிப்ரவரியில் திறந்தது. பக்கத்தில் ஹோட்டல், அடுக்குமாடி வீடுகள், படகுத்துறை. எனக்கு இது முன்பே தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை. காரை நிறுத்திவிட்டு “இதுதான்பா” என்றேன். அவர் கட்டடத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி கட்டடத்தைப் பார்த்தார்.

“சூதாட்ட கிளப்பாடா?”

“ஆமா.”

“முழுசுமா?”

அவருக்கு ஆல்கோ என்பது ஒரு சத்தம். வைகையையும் பாண்டியனையும் மீட்டர் கேஜில் இழுத்த ஒய்டிஎம்-4, ஆறு சிலிண்டர் எஞ்சின். நிற்கும்போது தாளம் தப்பாமல் ‘டக்கு டக்கு’ என்று முனகிக்கொண்டிருக்கும். டிரைவர் கைப்பிடியைத் திருப்பியதும் ஒரு குடம் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுத்தான் நகரும். டீசல் சட்டென்று கூடிவிடும், அதை எரிக்க வேண்டிய காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் புகை. அமெரிக்காவில் ரயில் பைத்தியங்கள் ஆல்கோ டீசல்களுக்கு ‘கௌரவ நீராவி எஞ்சின்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் சில எஞ்சின்கள் கப்பலில் வந்தன. அதே வரைபடத்தை வைத்துக் கனடாவின் மான்ட்ரியாலிலும், பிறகு வாரணாசியிலும் செய்தார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த சிலிண்டரில் கோளாறு என்று அப்பா சொல்லிவிடுவார். சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

ஆல்கோவின் கதை 1848-ல் இந்த ஆற்றங்கரையில் ஒரு நீராவி எஞ்சின் பட்டறையாகத் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியை 1869-ல் அடித்தபோது எதிரெதிரே நின்ற இரண்டு எஞ்சின்களில் ஒன்றான ஜூபிடர் இங்கே செய்ததுதான். 1901-ல் பல எஞ்சின் கம்பெனிகளைச் சேர்த்து அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி உருவானது. உலகத்தின் மிகப் பெரிய நீராவி எஞ்சின்களில் ஒன்றான பிக் பாய் மொத்தம் 25, எல்லாம் 1941-க்கும் 1944-க்கும் நடுவே இங்கிருந்துதான் வெளியே வந்தன. போர்க்காலத்தில் டாங்கிகளும் செய்தார்கள். இவ்வளவு பெரிய கம்பெனி அதற்குப் பிறகு 25 வருடம்தான் தாங்கியது.

அமெரிக்கத் தொழிற்சாலைகள் மூடியதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இங்கே எல்லாருக்கும் ஒரே பதில் தயாராக இருக்கும்: சீனா. ஆல்கோ மூடியது 1969-ல். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீஜிங்கில் கால் வைத்ததே 1972-ல்தான். ஆல்கோவைச் சாய்த்தது யார் என்று தேட, கடல் தாண்டிப் போக வேண்டாம். கேசினோ வாசலிலிருந்து ஈரி பொலிவார்டு என்ற சாலையில் தெற்கே போனால் போதும். பழைய ஈரி கால்வாயைத் தூர்த்துப் போட்ட சாலை அது. வடமுனையில் ஆல்கோ, தென்முனையில் ஜெனரல் எலெக்ட்ரிக், சுருக்கமாக ஜி.இ.

டீசல் எஞ்சின் என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதிலிருந்து வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுற்றும். ஆக வண்டியில் பாதி மெக்கானிக்கல், பாதி எலெக்ட்ரிக்கல். மெக்கானிக்கலுக்கு ஆல்கோ, எலெக்ட்ரிக்கலுக்கு ஜி.இ. ஒரே ஊர்க்காரர்கள். 1940-லிருந்து 1953 வரை இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டே விற்றார்கள். ஆனால் போர் முடிந்த அவசரத்தில் ஆல்கோ கொண்டுவந்த 244 என்ற எஞ்சின் சரியாகச் சோதிக்கப்படாதது. கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது, இன்னும் ஏதேதோ தகராறு. அந்த நேரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின்கள் சந்தையை அள்ளிக்கொண்டு போயின. பிறகு ஆல்கோ செய்த 251 அருமையான எஞ்சின். நம்மூருக்கு வந்தது அதுதான். ஆனால் வாங்குகிறவர்கள் அதற்குள் கை மாறிவிட்டார்கள்.

கூட்டு முறிந்த பிறகும் ஜி.இ. ஆல்கோவுக்கு மோட்டார்களும் ஜெனரேட்டர்களும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. 1960-ல் பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் உள்ள தன் தொழிற்சாலையிலிருந்து சொந்தமாக முழு எஞ்சினையே சந்தைக்குக் கொண்டுவந்தது. மெஸ்ஸுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரே எதிர் வரிசையில் ஒரு மெஸ் திறந்த மாதிரி. பழைய மெஸ்காரர் இனியும் மசாலாவுக்கு அவரிடம்தான் போக வேண்டும். சில வருடங்களிலேயே ஜி.இ. இரண்டாம் இடத்துக்கு வந்தது, ஆல்கோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. மூன்றாமவருக்கு இடமில்லாத சந்தை அது.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். “வாரணாசியில 64-ல முதல் வண்டி வந்துச்சு. இவன் 69-ல மூடிட்டானா?” ஆமாம். ஆல்கோ போன பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாரணாசியில் 251 குடும்பத்து எஞ்சின்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அதில் டபிள்யூடிஎம்-2 என்ற வகை மட்டும் 2,600-க்கு மேல். ஷெனெக்டடியில் செய்யத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்று, இறந்தும்போன பிறகு, அதைப் பிரிக்கவும் மாட்டவும் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் ஈரோட்டிலும் பொன்மலையிலும் இன்னும் எத்தனையோ ஷெட்களிலும் இருந்தன.

இதை ‘அமெரிக்க வேலை இந்தியாவுக்குப் போனது’ என்று சொல்ல முடியுமா? எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தை விற்றது ஆல்கோவுக்கு வருமானம்தான். அந்த ஒப்பந்தம் போடாமல் இருந்திருந்தாலும் 1969 வந்தே இருக்கும். சரி, இதில் நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான் அமெரிக்காவுக்கு வந்ததே மென்பொருள் ஒப்பந்த வேலைக்கு. எனக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்மணி, மூன்றாவது மாதம் மேசையைக் காலி செய்துகொண்டு போனார். அட்டைப்பெட்டியைக் கார்வரை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

தென்முனைக்குப் போனோம். ஜி.இ. கட்டடத்தின் உச்சியில் அந்த வட்ட முத்திரை இன்னும் இருக்கிறது. இரவில் விளக்கு எரியும், கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பும் பச்சையுமாக மாற்றுவார்கள். எடிசன் தன் இயந்திரப் பட்டறையை நியூயார்க் நகரத்திலிருந்து 1886-ல் இங்கே மாற்றினார். அவர் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு ரயில் எஞ்சின் கம்பெனிக்காகக் கட்ட ஆரம்பித்து, முடிக்காமல் விட்ட இரண்டு கட்டடங்கள். ஜி.இ. இந்த ஊரில் முளைத்ததே நின்றுபோன ஒரு எஞ்சின் தொழிற்சாலைக்குள்தான்.

1892-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெயர் வந்தது. 1896-ல் டவ் ஜோன்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீட்டை உருவாக்கியபோது அதில் இருந்த 12 கம்பெனிகளில் இதுவும் ஒன்று. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ஷெனெக்டடியில் மட்டும் சுமார் 40,000 பேர் இதில் வேலை பார்த்தார்கள். ‘உலகத்துக்கு வெளிச்சம் தருகிற, உலகத்தை இழுக்கிற ஊர்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வெளிச்சம் ஜி.இ., இழுப்பு ஆல்கோ.

ஸ்டைன்மெட்ஸ் கதையை வாட்ஸப்பில் எல்லாரும் படித்திருப்பீர்கள், பெயர் இல்லாமல். பழுதான ஜெனரேட்டரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு 10,000 டாலர் பில் அனுப்பியவர். கோடு போட்டதற்கு 1 டாலர், எங்கே போடுவதென்று தெரிந்ததற்கு 9,999. அப்படி நடந்ததோ இல்லையோ, சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் நிஜமான ஆள், இந்த ஊர் ஜி.இ.யின் எஞ்சினியர். முதுகு வளைந்தவர் என்பதால் 1889-ல் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சோஷலிஸ்ட் வேறு. அதே நகரத்தில் சோஷலிஸ்ட் மேயர் ஜெயித்தபோது நகர சபையிலும் பதவி வகித்தார். முதலாளித்துவத்தின் கோட்டை என்று நாம் நினைக்கும் கம்பெனியின் மூளை அவர். கதையைச் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. “சாக்பீஸ் எதுக்கு, ஸ்க்ரூடிரைவர் போதுமே” என்றார்.

அந்த 40,000 எங்கே போனது என்பதற்கும் ஒற்றைப் பதில் கிடையாது. போருக்குப் பிறகு 1946-ல் பெரிய வேலைநிறுத்தம். யூனியன் பலமான ஊர் இது. அதன் பிறகு ஜி.இ. வேலைகளைப் பல மாநிலங்களுக்குப் பிரித்துப் போட்டது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கென்டக்கியின் லூயிவில்லுக்கு. இங்கே செய்த கேஸ் டர்பைன் தென் கரோலினாவின் கிரீன்வில்லுக்கு. யூனியன் தலையெடுக்க முடியாத தெற்கு அது. ஷெனெக்டடியின் வேலைகள் முதலில் போனது இன்னொரு அமெரிக்க ஊருக்குத்தான். இதை யாரும் தேர்தல் மேடையில் சொல்வதில்லை. கென்டக்கியிலும் ஓட்டு இருக்கிறதே.

அப்புறம் ஜாக் வெல்ச். 1981-ல் தலைமைக்கு வந்தார். அப்போது சுமார் 4,11,000 பேர். 1985 முடியும்போது 2,99,000. நியூட்ரான் குண்டு போட்ட மாதிரி கட்டடம் நிற்கும், மனிதர்கள் மட்டும் காணாமல் போவார்கள் என்பதால் ‘நியூட்ரான் ஜாக்’ என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலைகளை மிதவைப் படகின் மேல் வைத்துக்கொண்டு, எங்கே மலிவோ அங்கே இழுத்துப் போவதுதான் சிறப்பு என்று பேசியவர். அவர் காலத்தில் ஜி.இ.யின் லாபத்தில் பெரிய பங்கு கடன் கொடுக்கும் ஜி.இ. கேப்பிட்டல் என்ற பிரிவிலிருந்து வந்தது. பங்குச் சந்தை கொண்டாடியது. 2000-ல் கம்பெனியின் மதிப்பு ஏறக்குறைய 60,000 கோடி டாலர். எம்.பி.ஏ. படித்த என் நண்பர்கள் எல்லாரும் அவரைக் கடவுள் என்றார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

2008-ல் நிதி நெருக்கடி வந்தபோது அந்தக் கடன் பிரிவு மொத்தக் கம்பெனியையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட்டிடமிருந்து 300 கோடி டாலர் வாங்க வேண்டி வந்தது. 2015-ல் பிரான்ஸின் ஆல்ஸ்டமிடமிருந்து மின் நிலையத் தொழிலை வாங்கினார்கள். கேஸ் டர்பைன் சந்தை சரியப்போகும் நேரம் பார்த்து வாங்கியதில் சூடு பட்டது. 2018 ஜூனில் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து ஜி.இ.யைத் தூக்கிவிட்டு வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலியைப் போட்டார்கள். 1907 முதல் இடைவிடாமல் அதில் இருந்த கம்பெனி. (மருந்துக்கடையும் ஆறு வருடத்தில் வெளியே போனது. அந்த இடத்துக்கு வந்தது அமேசான்.) ஃப்ரிட்ஜ் வியாபாரம் 2016-லேயே சீனாவின் ஹாயருக்குப் போயிருந்தது. எடிசனின் பல்பையும் 2020-ல் விற்றார்கள். மிச்சத்தை மூன்றாக உடைத்தார்கள்: மருத்துவக் கருவி, மின்சாரம், விமான எஞ்சின். 2024 ஏப்ரலில் அந்த வேலை முடிந்தது.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. உடைத்த பிறகு துண்டுகள் நன்றாக ஓடுகின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் பற்றவில்லை. ஆளுக்கு ஆள் கேஸ் டர்பைன் கேட்கிறார்கள். மின்சாரத் துண்டான ஜி.இ. வெர்னோவாவிடம் பல வருடங்களுக்கு முன்பதிவு நிரம்பிக் கிடக்கிறது, பங்கு எங்கோ போய்விட்டது. ஷெனெக்டடியிலும் ஸ்டீம் டர்பைனும் ஜெனரேட்டரும் செய்கிறார்கள். 2023-ல் காற்றாலைப் பாகங்களுக்காக 5 கோடி டாலரில் ஒரு புதுப் பிரிவு அறிவித்தார்கள், சுமார் 200 வேலைகள். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது. 200 குடும்பத்துக்கு நல்ல வேலை என்பது சின்ன விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனி பிழைப்பதும் ஊர் பிழைப்பதும் வேறு வேறு கணக்கு என்று இந்தச் சாலையில் ஓட்டிப்போகும்போது கண்ணில் படாமல் இருக்காது. 1930-ல் ஊரின் மக்கள்தொகை 95,000-க்கு மேல், 2020-ல் 67,000.

நாடு முழுக்கவும் இதே சரிவுதான். 1979-ல் தொழிற்சாலை வேலைகள் உச்சத்தில் 1.95 கோடி. 2000-ல் கிட்டத்தட்ட 1.7 கோடி. 2010 தொடக்கத்தில் 1.15 கோடி. 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்த பிறகு சரிவு செங்குத்தானது உண்மை. அந்தப் பங்கை நான் மறைக்கவில்லை. ஷெனெக்டடி அதற்குள் வெகுவாகக் காலியாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

காலி வீடுகளுக்கு ஆள் தேடி, 2000-களின் தொடக்கத்தில் இருந்த மேயர் ஒரு காரியம் செய்தார். நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் வசித்த, தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக்காரர்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து ஊரைச் சுற்றிக் காட்டினார். நிறையப் பேர் வீடு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், ஒரு பகுதி சென்னையில் ஏறியவர்கள். மதியம் அவர்களின் ரொட்டிக் கடை ஒன்றில் சாப்பிட்டோம். கல்லாவில் இருந்த அம்மா, தன் பாட்டி வீட்டில் மாரியம்மா பூஜை உண்டு என்றார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. “சமயபுரத்துப் பக்கம்தான் எங்க ஊர்னு சொல்லுடா” என்றார் அப்பா. சொன்னேன். ஒரு பூரிக்குக் காசு வாங்கவில்லை.

மாலை மூன்றரை. அவருக்கு ரயில் பார்க்க வேண்டும். ஈரி பொலிவார்டிலேயே ஸ்டேஷன். காத்திருக்கும்போது பீகாரின் மடவுராவைப் பற்றி அவர்தான் ஆரம்பித்தார், யூடியூபில் பார்த்தாராம். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைக்கும் மார்ட்டன் மிட்டாய்க்கும் பெயர்போய், இரண்டும் மூடிக் கிடந்த ஊர். இந்திய ரயில்வேக்கு 1,000 டீசல் எஞ்சின் செய்து தர 2015-ல் ஜி.இ. ஒப்பந்தம் வாங்கி அங்கே தொழிற்சாலை போட்டது. தொடக்கத்தில் ஈரியிலிருந்தே எஞ்சின் கப்பலேறி வந்தது. 2025-ல் மடவுராவிலிருந்து ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு எஞ்சின் போகத் தொடங்கியது. அதே சமயம், ஹாயர் கையில் இருக்கும் லூயிவில் தொழிற்சாலை, சீனாவில் செய்துகொண்டிருந்த வாஷிங் மெஷின்களைக் கென்டக்கிக்கே கொண்டுவர 49 கோடி டாலர் போடுவதாக 2025 ஜூனில் அறிவித்தது, 800 வேலைகள். சீன முதலாளி, அமெரிக்க வேலை. அமெரிக்க முதலாளி, பீகார் வேலை. இதில் எந்தக் கொடியை எங்கே நடுவது?

ஆம்ட்ராக் வண்டி வந்து நின்றது. அப்பா எஞ்சின் பக்கமாக நடந்து, பிளாட்பாரத்தின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

“இது ஆல்கோ இல்லை.”

“ஜி.இ.ப்பா. ஈரியில செஞ்சது.”

“அப்ப ஜெயிச்சவன் வண்டி.”

“அந்தப் பிரிவையும் 2019-ல கைமாத்திட்டாங்க. மடவுராவும் சேர்த்து.”

“யாருக்கு?”

“வாப்டெக்னு ஒரு கம்பெனி. வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்னு பழைய பேரு.”

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும், பிரேக் வால்வுகளின் மேல் தினமும் பார்த்தது. எடிசனுக்கும், அந்த பிரேக் கம்பெனியை ஆரம்பித்த வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த மின்சாரச் சண்டையைப் பற்றி நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

“பிரேக்காரன் எஞ்சினை வாங்கிட்டானாடா?”

வண்டி கிளம்பியது. புகையே இல்லை.